உப்புக் காற்றும் மோட்டார் சைக்கிளின் பின்பக்க போல்ட்டும்

நமது சங்க அங்கத்தினர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. அது சுமை வண்டி. ஆத்தூர் வட்டாரத்து வெற்றிலைக் கட்டும், முக்காணிப் பக்கத்து வாழைத்தாரும், வீரவநல்லூர் நெசவாளர் வீட்டுக்குச் செல்லும் நூல் சிப்பமும் அதன் பின் இருக்கையிலேறிப் பயணம் செய்கின்றன. வண்டி நின்றால் சந்தை தவறுகிறது. சந்தை தவறினால் அவ்வாரத் தவணையும் தவறுகிறது. இத்தகைய வண்டியில் இஞ்சினைக் கவனிப்பவர் பலர். பின்சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டைக் கவனிப்பவர் மிகச் சிலரே. அந்த போல்ட் துருவால் இறுகிவிட்டால் நேரும் தீங்கு யாது, வண்டியின் சட்டத்துக்குச் சேதமின்றி அதைக் கழற்றுவது எவ்வாறு, மீண்டும் இறுகாமல் காப்பது எவ்வாறு என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

துரு ஏன் இப்பகுதியில் மிகுதி?

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேருகிறது. ஒரு புறம் கடல், மறுபுறம் கழிமுகம், அண்டையில் உப்பளங்கள். இவ்வூர்க் காற்றில் உப்புத் துகள் எப்போதும் உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 பங்கு ஈரமே போதும். ஆகவே, மழை பெய்யாத நாளிலும் இரும்பின் மீது படிந்த உப்பு அதனை நனைத்துக்கொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்கு உலர்ந்து தோன்றும் வண்டி உண்மையில் உலர்ந்ததன்று.

கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்பவர் தமக்கு இக்கவலை இல்லை என்று எண்ணிவிடலாகாது. பயிரிடுவோர் வண்டியில் ஏற்றிச் செல்லும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பேயாகும். நெசவாளர் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயத்தொட்டியில் உப்பை ஏராளமாகச் சேர்க்கின்றனர். அலசி முடியாத ஈர நூலிலிருந்து சொட்டுவதும் உப்பு நீரே. வெளுப்பதற்கான பிளீச்சிங் பவுடரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மூட்டை கிழிந்து சிந்தும் பிடியளவு உரம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால், இருக்கையின் கீழ் அதே போல்ட்டின் பக்கத்தில்தான்.

இவற்றோடு 2023-ஆம் ஆண்டு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், புன்னக்காயல் முதலிய ஊர்களைத் தாமிரபரணி சூழ்ந்துகொண்டது. வீட்டு முற்றத்தில் நின்ற வண்டிகள் சேற்று நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் இஞ்சினைத் திறந்து எண்ணெய் மாற்றிக் கிளப்புவதே எல்லோருக்கும் முதல் வேலையாயிருந்தது, அது இயல்பே. ஆனால் பின்சக்கர மூட்டினுள் புகுந்த வண்டலை அப்போதே வெளியேற்றாத வண்டியில், அது கிரீஸைக் கெடுத்து, இரும்பைத் தின்று, ஆண்டுகள் சென்றபின் தன் பயனைக் காட்டுகிறது.

இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். நெருக்கமான துளைக்குள் இருக்கும் போல்ட் இவ்வாறு பருத்தால், ஆப்பு அடித்தது போல் இறுகிவிடும். அலுமினியத் துளையில் எஃகு போல்ட் இருந்து, இடையே உப்பு நீரும் புகுந்தால், இரு உலோகங்களுக்குமிடையே சிறிய மின்கலம் ஒன்று உண்டாகிறது. அதில் அலுமினியம் கரைந்து வெண்பொடியாகி போல்ட்டைக் கவ்விக்கொள்கிறது.

பின்பக்க அமைப்பு

முற்காலத்து மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, ஒரு முனையைச் சட்டத்தில் கீல் போலப் பூட்டி மறுமுனையில் சக்கரத்தைத் தாங்கும் கவை பரவலாயிற்று. இதனையே பட்டறைகளில் ஸ்விங் ஆர்ம் என்கின்றனர். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் ஏற்பட்டு, திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட் வண்டி இவ்வமைப்புடையதே. இதில் கவையின் இரு பக்கத்திலும் இரு சாக் அப்சார்பர்கள் உண்டு. கவை முழுவதும் ஒரே நீண்ட போல்ட்டின் மீது ஆடுகிறது.

பிற்காலத்தில் இரண்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே சாக் அப்சார்பரை வைத்து, அதைக் கவையோடு சிறு இணைப்புத் தண்டுகளாலும், முக்கோண வடிவமான ஆடும் துண்டாலும் பூட்டும் முறை வந்தது. பள்ளம் ஆழமாக ஆக, சாக் அப்சார்பரின் எதிர்ப்பும் மிகும்படி செய்வதே இத்தண்டுகளின் பணி. நம் நாட்டில் 2008-இல் வெளிவந்த யமாஹா ஆர்15 இவ்வகையைச் சேர்ந்தது. இதில் கழல வேண்டிய போல்ட் ஒன்றன்று, பல. அவை சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு நேர் எதிரே, வண்டியின் அடிப்பாகத்தில் அமைந்துள்ளன.

தறியின் மிதிகட்டை, வண்டிச் சக்கரத்தின் அச்சு, கமலையின் உருளை ஆகியவற்றை அறிந்தோருக்கு இதன் தத்துவம் புதிதன்று. அசையும் மூட்டுக்கு மசகு வேண்டும்; மசகு வற்றினால் மரமானாலும் இரும்பானாலும் தேயும் அல்லது கவ்வும்.

இறுகியதை அறிவது எப்படி?

இறுகிய போல்ட்டோடு வண்டி ஓடாமல் நின்றுவிடுவதில்லை, இதுவே ஆபத்து. புஷ்ஷுக்குள் சுழல வேண்டிய கவை, போல்ட்டோடு ஒட்டிக்கொண்டபின் போல்ட்டையே சட்டத்தின் துளைக்குள் திருகத் தொடங்குகிறது. எளிதில் மாற்றக்கூடிய புஷ் தேய்வதற்குப் பதிலாக, மாற்ற இயலாத சட்டத்தின் துளை முட்டை வடிவமாகத் தேய்கிறது. அதன்பின் சுமையோடு வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் தன் விருப்பப்படி ஒதுங்கும். பின் இருக்கையில் மனைவியோ குழந்தையோ அமர்ந்திருக்கும் வேளையில் இது நேர்ந்தால் விளைவு யாதென விளக்க வேண்டியதில்லை.

சோதனை எளிது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி இடவலமாக அசைக்கவும். கவையின் வேரில் அசைவு தெரிந்தால் தேய்வு உண்டு. அடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றி, சாக் அப்சார்பரின் கீழ்முனையை விடுவித்துவிட்டுக் கவையைக் கையால் மேலும் கீழும் ஆட்டவும். தடையின்றி ஏறித் தன் பாரத்தால் சீராக இறங்கினால் மூட்டு நலமாயுள்ளது. கரகரப்புடன் நகர்ந்தால் கிரீஸ் இல்லை. வைத்த இடத்திலேயே நின்றால் அது இறுகிவிட்டது.

கழற்றத் தொடங்குமுன்

முதற்கண் வண்டி சாயாதபடி இஞ்சினுக்கடியில் உறுதியான மரக்கட்டை வைத்தல் வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்குக. சூடு காட்டும் எண்ணம் இருந்தால் பெட்ரோல் டாங்கை முழுவதும் கழற்றி அப்புறப்படுத்துக. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். துருச்செதில் ஒன்று கண்ணில் தெறித்தால் போல்ட்டின் விலை நினைவுக்கு வராது.

இணைப்புத் தண்டு உள்ள வண்டிகளில் ஓர் எச்சரிக்கை. வண்டியின் பாரம் அல்லது சுருளின் விசை போல்ட்டின் மீது அழுந்திக்கொண்டிருந்தால், துருவே இல்லாத போல்ட்டும் வெளிவராது. பின்சக்கரத்தின் கீழ் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, சக்கரத்தைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கவும். ஓரிடத்தில் பாரம் நீங்கிப் போல்ட் தளரும். இதை அறியாது சுத்தியலை எடுப்பவர் நல்ல போல்ட்டையும் கெடுத்துவிடுவர்.

முதற்படி: எண்ணெயும் பொறுமையும்

மூட்டைச் சுற்றியுள்ள சேறு, பெயிண்டு, துரு ஆகியவற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, போல்ட்டும் துளையும் சந்திக்கும் விளிம்பு தெரியும்படி செய்க. அவ்விளிம்பே எண்ணெய் நுழையும் வாயில். கெட்டியான இஞ்சின் எண்ணெய் இதற்கு உதவாது. துருநீக்கும் எண்ணெய் கடைகளில் கிடைக்கிறது. அசிட்டோனும் ஆட்டோமாட்டிக் கியருக்கு ஊற்றும் எண்ணெயும் சம பங்கு கலந்து உபயோகிப்போரும் உண்டு. ஆனால் இக்கலவை எளிதில் தீப்பற்றும், பெயிண்டையும் ரப்பரையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் ஓரளவு பயன் தரும்.

காலையும் மாலையும் சில துளிகள் விட்டு, இரண்டு மூன்று நாள் காத்திருத்தல் நன்று. ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் சிறு சுத்தியலால் இலேசாகத் தட்டுக. அவ்வதிர்ச்சி துருவில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கி எண்ணெய்க்கு வழி திறக்கும். வண்டியை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் எண்ணெய் உள்ளிறங்குவது எளிது.

இரண்டாம்படி: முதலில் திருகு, பிறகு தள்ளு

நட்டைக் கழற்ற, அளவு மாற்றும் ஸ்பானரை உபயோகிக்க வேண்டாம். அது முனைகளை மழுக்கிவிடும். சரியான அளவுள்ள ஆறு பக்க சாக்கெட்டே தகுதியானது. முதலில் இம்மியளவு இறுக்கும் திசையில் திருகிப் பிடிப்பை உடைத்து, அதன் பிறகு தளர்த்துக.

நட் கழன்றதும் பலர் செய்யும் பிழை, உடனே போல்ட்டின் நுனியில் ஓங்கி அடிப்பது. அடிபட்ட நுனி காளான் போல் விரிந்து, துளைக்குள் நுழையாத ஆப்பாகிவிடும். போல்ட்டின் தலையை ஸ்பானரால் பற்றி முன்னும் பின்னும் திருகுவதே முதல் வேலை. கடிகார முள்ளின் ஒரு நிமிஷ அளவு அசைந்தாலும் வெற்றியே. எண்ணெய் விட்டு மீண்டும் திருக, அசைவு சிறிது சிறிதாக வளரும். முழுச் சுற்று சுற்றும் போல்ட் பெரும்பாலும் வெளிவரும் போல்ட்.

அடித்தே ஆகவேண்டுமெனில், நட்டைப் போல்ட்டின் நுனிக்குச் சமமாகத் திரும்ப ஏற்றி, பித்தளைத் தண்டை வைத்து, கனமான சுத்தியலால் நேராக ஓரிரு அடிகள் அடிக்கவும். இலேசான சுத்தியலால் அடிக்கும் நூறு அடிகள் நுனியை மட்டுமே விரிக்கும்.

மூன்றாம்படி: திருகு இழுவை

அடிப்பதைவிட இழுப்பது மேல். போல்ட்டின் தலை உள்ள பக்கத்தில், அத்தலை உள்ளே நுழையக்கூடிய குழாய்த் துண்டு ஒன்றைச் சட்டத்தின் மீது நிறுத்துக. எதிர்ப்பக்கத்தில் போல்ட்டின் நுனியைத் தள்ளத்தக்க சிறு எஃகுத் துண்டு வைக்கவும். இரண்டையும் கனத்த தகடுகளும் இரு நீண்ட திருகுக் கம்பிகளும் கொண்டு பிணைத்து, கம்பியின் நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்கவும். லேத் பட்டறையில் இதனை எளிதில் செய்து தருவர்.

இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள உயர்தர எஃகுக் கம்பியின் நட்டை, 30 சென்டிமீட்டர் ஸ்பானரால் 20 கிலோ விசையோடு இழுத்தால், உராய்வு போக ஏறத்தாழ 2 டன்னுக்கு மேற்பட்ட தள்ளுவிசை கிடைக்கிறது. அதுவும் அதிர்ச்சியின்றி, நேர்கோட்டில். சாதாரண மலிவுக் கம்பி இதைத் தாங்காது. ஆகவே உயர்தரக் கம்பியையே வாங்குக. இறுக்கிய நிலையில் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைத்தால், காலையில் தானே சிறிது நகர்ந்திருப்பதும் உண்டு.

நான்காம்படி: சூடு

சூடு காட்ட வேண்டியது போல்ட்டுக்கு அன்று, அதைச் சூழ்ந்த துளைக்கு. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் துளையை 150 டிகிரி சூடேற்றினால் அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் 3 பங்கு விரியும். அலுமினியமாயின் நூற்றில் 5 பங்குக்கு மேல். அற்பமாகத் தோன்றும் இவ்விரிவே துருவின் பிடியை உடைக்கப் போதுமானது. போல்ட்டும் சூடேறி விரிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஆகையால் வெளிப்பாகத்துக்கு விரைவாகச் சூடு காட்டுக. சூடான மூட்டின் விளிம்பில், நெருப்பை விலக்கியபின், மெழுகுவத்தியைத் தேய்த்தால் உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழுக்கல் தரும்.

மூன்று தடைகளை மறக்கலாகாது. முதலாவது, எண்ணெயும் அசிட்டோனும் விட்ட இடத்தை நன்கு துடைத்து உலர்த்தாமல் நெருப்பு காட்டக்கூடாது. இரண்டாவது, சாக் அப்சார்பருக்கு எக்காரணம் கொண்டும் சூடு காட்டக்கூடாது. உள்ளே எண்ணெயும், சிலவற்றில் அழுத்தப்பட்ட வாயுவும் அடைபட்டிருப்பதால் அது வெடிக்கக்கூடும். மூன்றாவது, இரும்பு சிவப்பதைப்போல அலுமினியம் நிறம் மாறி எச்சரிக்காது. 660 டிகிரியில் திடீரென உருகிவிடும். அலுமினியப் பாகங்களுக்குச் சூடான காற்றை வீசும் கருவியே போதும். தெளித்த நீர்த்துளி சுரீரென்று ஆவியாகும் அளவைத் தாண்ட வேண்டாம்.

இறுதிப்படி: அறுத்தல்

இவை யாவும் பயன்படாதபோது போல்ட்டைத் தியாகம் செய்வதே அறிவுடைமை. கவைக்கும் சட்டத்துக்கும் இடையே வாஷர் இருக்கும் சிறு இடைவெளியில் ஹாக்ஸா பிளேடை நுழைத்து இரு பக்கமும் அறுத்தால் கவை தனியே வந்துவிடும். எஞ்சிய துண்டுகளை லேத் பட்டறையில் அழுத்தி எடுக்கலாம். இணைப்புத் துண்டுகளில் ஊசி பேரிங்கின் மெல்லிய ஓடு துளையில் ஒட்டிக்கொண்டிருந்தால், பிளேடை உள்ளே விட்டு ஓட்டை மட்டும் நீளவாட்டில் அறுத்து உள்நோக்கி மடக்கி எடுக்கவும். துளையின் சுவரில் பிளேடு படலாகாது.

இங்கே கணக்கு ஒன்றை நினைவிற் கொள்க. போல்ட், புஷ், பேரிங் யாவும் கடையில் கிடைப்பவை. சட்டமோ அவ்வாறன்று. பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள சேஸிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பது அதன் மீதே. சட்டத்தை வளைத்தோ வெடிக்கச் செய்தோ விட்டால் செலவோடு போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைச்சலும் சேரும். மலிவானதை அழித்து விலையுயர்ந்ததைக் காப்பதே இவ்வேலை முழுவதற்கும் விதி.

திரும்பப் பூட்டுதல்

பழைய போல்ட்டையே உபயோகிப்பதானால், கண்ணாடிப் பலகையின் மீது உருட்டிப் பார்க்கவும். தள்ளாடினால் அது வளைந்துள்ளது. துருக்குழி விழுந்த போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினும் அது மெலிந்ததே; புதியது வாங்குக. சட்டத்தின் துளை நீள்வட்டமாகியிருந்தால் சுமை ஏற்றாமல், தேர்ந்த பட்டறையில் துளையைச் சீர்செய்து புஷ் பொருத்திய பின்னரே வண்டியை எடுக்கவும்.

நீரில் கரையாத கிரீஸை, படகு யந்திரங்களுக்கு உபயோகிக்கும் வகையாயின் மிக நன்று, போல்ட் முழுவதும் பூசுக. புல்லின் நுனியளவு தடவுவது சிக்கனம் அன்று. ரப்பர் சீல்களைப் புதியதாகப் போடுக. நட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே இறுக்குக. 500 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்க்கவும்.

கடலோர அங்கத்தினர் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவது நலம். வேகமாகப் பீய்ச்சும் நீரை மூட்டுகளுக்கு நேரே காட்டினால் அது கிரீஸை வெளியேற்றி ஈரத்தை உட்புகுத்தும். குவளையால் ஊற்றுதல் போதும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும் போல்ட்டை உருவிக் கிரீஸ் இடுவது உப்பளப் பக்கத்தாருக்கு ஏற்ற வழக்கம். ஏனையோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். உரமூட்டைக்கும் ஈர நூலுக்கும் அடியில் தார்ப்பாய்த் துண்டு ஒன்று விரித்தால் பாதி உப்பு அங்கேயே நின்றுவிடும்.

சங்கம் செய்யக்கூடியது

மேற்கூறிய திருகு இழுவை, நல்ல சாக்கெட் தொகுதி, அளவோடு இறுக்கும் ஸ்பானர், வைஸ் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண். ஆண்டில் ஓரிரு நாளே தேவைப்படும் கருவிகள் அவை. நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, சங்கத்தின் பொதுச் சொத்தாக ஒரு பெட்டியை வாங்கி, சிறு வாடகைக்கு அங்கத்தினருக்குக் கொடுக்கலாம். எடுத்தவர் பெயர், எடுத்த தேதி, திருப்பிய தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். அப்பதிவேட்டின் கடைசிப் பத்தியில், எந்த வண்டிக்கு எந்த மாதம் கிரீஸ் இடப்பட்டது என்பதையும் குறித்து வந்தால், அடுத்த முறை எப்போது என்பது அங்கத்தினருக்கு நினைவூட்டப்படும்.

தணிக்கையின்போது கட்டடத்துக்கும் தறிக்கும் தேய்மானம் எழுதுகிறோம். அங்கத்தினரின் வண்டிக்கு எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் உப்பு அதற்கும் தன் கணக்கை நாள்தோறும் எழுதி வருகிறது. இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை இடவலமாக அசைத்துப் பார்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.